பெட்டியும் வயரும்



கருவடிக்குப்பத்தில் இசையைப் பற்றிப் பேச வருகிறவர்கள் குயில் தோப்பிலிருந்து தொடங்குவது வழக்கம். பாரதி உலவிய இடம் என்பதால் அது நியாயமும்கூட. நான் இன்று காலையில் வேறோர் இடத்துக்குப் போய்விட்டு வருகிறேன். 1922 நவம்பர் 13ஆம் நாள் புதுச்சேரியில் காலமான நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் நினைவிடம் இதே கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. அங்கே நின்றபோது, கணினித் திரையில் பெட்டி வரைந்து, வயர் இழுத்து, இசை செய்யும் கலையைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டுப் பக்கத்தில் இல்லை என்று எனக்குப் பட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

சுவாமிகளின் வள்ளி திருமணம் இன்றும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரத் திருவிழாக்களில் ஸ்பெஷல் நாடகமாக விடிய விடிய நடக்கிறது. ஸ்பெஷல் நாடகத்துக்குக் கம்பெனி கிடையாது, ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார். ஸ்திரீபார்ட் இன்னோர் ஊர், பபூன் வேறோர் ஊர். ஆர்மோனியக்காரர், மிருதங்கக்காரர், ஆல்ரவுண்டு வாசிப்பவர் எல்லோரையும் தனித்தனியாகப் பேசி அழைத்திருப்பார்கள். அன்று ராத்திரி பத்து மணிக்கு மேடையில்தான் சேர்வார்கள். இருந்தும் நாடகம் தட்டாமல் நடக்கிறது. தன்னிடம் வந்து சேர வேண்டியது எது, தான் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டியது எது என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். வேலன் எந்த அடியில் விட்டால் வள்ளி எதில் எடுக்க வேண்டும், வசனம் எங்கே முடிந்தால் ஆர்மோனியம் எங்கே சுருதி கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் சுவாமிகளின் பாடத்தை வைத்து வழிவழியாக நிலைத்துப் போன ஏற்பாடு. ஆளை மாற்றலாம், அந்த ஏற்பாட்டை மாற்ற முடியாது.

பியூர் டேட்டா என்ற மென்பொருளை முதன்முதலில் திறந்த நாளில் எனக்கு நினைவுக்கு வந்தது இந்த மேடைதான்.

1980களின் நடுவில் பாரிஸ் நகரத்து இர்காம் இசை ஆய்வு நிறுவனத்தில் மில்லர் பக்கெட் என்ற அமெரிக்கர் வேலை பார்த்தார். மேடையில் பியானோ வாசிப்பவர் தன் மனம்போல் காலப்பிரமாணத்தைக் கூட்டுவார், குறைப்பார். கணினி அவரோடு கூடவே போக வேண்டும். அதற்காக அவர் எழுதியது மேக்ஸ். பிலிப் மனூரி 1988இல் அமைத்த 'புளூட்டன்' பியானோ இசை அந்தச் சூழலில் பிறந்தது. 1957இலேயே பெல் ஆய்வகத்தில் கணினியை இசைக்க வைத்த மேக்ஸ் மேத்யூஸின் பெயரைத்தான் மென்பொருளுக்கு வைத்தார்கள். பக்கெட் பிறகு அமெரிக்கா திரும்பி, 1990களின் நடுவில் பியூர் டேட்டாவை எழுதி, யாரும் காசு கொடுக்காமல் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். நம் கல்லூரிகளில் இருக்கும் பழைய கணினிகளில்கூட அது ஓடும்.

திரையில் ஒரு சின்னச் செவ்வகம் வரைந்து அதற்குள் ஒரு சொல் எழுதுகிறோம். அந்தச் சொல்தான் அதன் தொழில். ஒன்று அலையை எழுப்பும், ஒன்று பெருக்கும், ஒன்று தாளம் தட்டும், ஒன்று ஒலிபெருக்கிக்கு அனுப்பும். மேல் விளிம்பில் உள்ளே வரும் வாய்கள், கீழ் விளிம்பில் வெளியே போகும் வாய்கள். ஒன்றின் கீழிருந்து இன்னொன்றின் மேலுக்குக் கோடு இழுத்தால் ஒலி ஓடும். இந்த வரைவைத்தான் பேட்ச் என்கிறோம். அந்தச் செவ்வகத்துக்குத் தமிழில் என்ன சொல்வது என்று மாணவர்கள் கேட்கிறார்கள். பெட்டி என்றே சொல்லுங்கள். சுருதிப்பெட்டி நம் காதில் இருக்கிறது, ஆர்மோனியப்பெட்டி இருக்கிறது. கோட்டை வயர் என்று சொன்னால் மைக் செட் கட்டுகிற பையனுக்கும் புரியும். அறிஞர்கள் வேறு கலைச்சொல் ஆக்கினால் வரவேற்பேன். அதற்காகப் பாடத்தைத் தள்ளிப்போட வேண்டாம்.

ஒரு நடைமுறைச் செய்தி. அலை எழுப்பும் பெட்டியை நேராக ஒலிபெருக்கிப் பெட்டியில் கோக்காதீர்கள். நடுவில் பெருக்கல் பெட்டி ஒன்றை வைத்து 0.1 என்று எழுதுங்கள். நான் அதை விட்டுவிட்டு ஹெட்போன் மாட்டியிருந்தேன். இரண்டு நாள் காதில் ரீங்காரம் இருந்தது. இன்று பிற்பகல் பயிலரங்கில் இருக்கும் பிள்ளைகளுடைய காதுகள் எனக்கு முக்கியம்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

ஒரு கட்டை சுருதிக்கு, கீழ் ஸ்தாயியில் சட்ஜம் நொடிக்கு 130.8 அதிர்வு என்று வைப்போம். தம்புராவின் இயல்பான அந்தர காந்தாரம் அதைப்போல் ஒன்றேகால் மடங்கு, அதாவது 163.5. கீபோர்டில் அதே இடத்துக் கட்டையை அழுத்தினால் வருவது 164.8. வித்தியாசம் 1.3 அதிர்வுதானே என்று தோன்றும். இரண்டையும் பேட்சில் போட்டு, மேல்சுரங்கள் கேட்கும்படி அலையைச் சற்றுக் கூர்மையாக்கி, சட்ஜத்தோடு சேர்த்துக் கேளுங்கள். முதலாவது அசையாமல் நிற்கும். இரண்டாவது நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். சட்ஜத்தின் ஐந்து மடங்கு மேல்சுரம் 654, கட்டையின் நான்கு மடங்கு மேல்சுரம் 659. அந்த ஐந்துதான் துடிப்பு. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரம் வெளியிட்டார். விபுலானந்த அடிகளின் யாழ் நூல் 1947இல் வந்தது. இருவரும் சுருதிக் கணக்கைப் பக்கம் பக்கமாகக் காகிதத்தில் போட்டார்கள். அந்தக் கணக்கை ஒரு மாணவி இன்று எண்ணாகத் தட்டி அந்த நிமிடமே காதால் சோதிக்கலாம். பண்டிதரின் இருபத்து நான்கு சுருதிக் கொள்கையை ஏற்கிறவர்களும் மறுக்கிறவர்களும் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். தயவுசெய்து ஒரே மேசையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாதிடுங்கள்.

நிற்கிற சுரம் வரைக்கும் இது எளிது. தோடியின் காந்தாரத்துக்கு வாருங்கள். ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத்தில் அதைக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஏட்டுக் கணக்கில் சாதாரண காந்தாரம் 157 அதிர்வு. அந்த 157இல் அது நிற்பதே இல்லை. 139.5இல் இருக்கும் ரிஷபத்தின் பக்கம் இறங்கி, 174.4இல் இருக்கும் மத்யமத்தின் பக்கம் ஏறி, ஊஞ்சலாடும். இரு முனைகளுக்கு இடையிலான அந்த அசைவைத்தான் நாம் காந்தாரம் என்று கேட்கிறோம்.

1983இல் கருவி நிறுவனங்கள் கூடி மிடி என்ற ஒழுங்கை வகுத்தபோது, சுரத்துக்கு 0 முதல் 127 வரை ஓர் எண் கொடுத்தார்கள். எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது. இசை என்பது அவ்வளவுதான் என்றது அந்த ஒழுங்கு. வளைப்பதற்குச் சக்கரம் உண்டு, ஆனால் அது ஒட்டுப்போட்டதுதான். 1986இல் புன்னகை மன்னன் படம் வந்து கணினி இசை தமிழ்க் காதுக்குப் பழகிய நாளிலிருந்து, நம் பிள்ளைகள் கற்ற மென்பொருள்கள் பெரும்பாலும் இந்தக் கட்டை எண்ணின் மேல் கட்டியவை. அவற்றில் அரிய இசை பிறந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் முப்பது வருடம் இயற்பியல் பாடம் நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு: தோடியைக் கட்டை எண்ணாக எழுதப் பழகிய பிள்ளை, கமகத்தைக் கடைசியில் மேலே தடவும் பூச்சாக நினைக்கத் தொடங்கிவிடுகிறது.

பேட்சில் அந்தக் கட்டாயம் இல்லை. லைன் என்று ஒரு பெட்டி இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய இடம், அதற்கு எடுக்கும் நேரம் என்று இரண்டு எண் கொடுத்தால் அது வழுக்கிக்கொண்டு போகும். மத்யமத்துக்கு இத்தனை மில்லி நொடி, அங்கே இத்தனை இருப்பு, ரிஷபத்தை நோக்கி இத்தனை என்று எழுதினால் அசைவிலிருந்தே சுரத்தைக் கட்டலாம். பாடுகிறவரின் குரலைக் கேட்டு அதிர்வெண் சொல்லும் சிக்மண்ட் என்ற பெட்டியும் அதிலேயே உண்டு. குருவின் காந்தாரத்தையும் நீங்கள் கட்டிய காந்தாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்க்கலாம். எங்கே பிசகுகிறது என்று கண்ணுக்கும் தெரியும், காதுக்கும் தெரியும்.

இந்த வழியில் நமக்கு முன்னோடிகள் உண்டு. சென்னை எம். சுப்பிரமணியன் உருவாக்கிய 'காயகா' மென்பொருள், எழுதிக் கொடுத்த கர்நாடக இசைக் குறிப்பைக் கமகத்தோடு வாசித்துக் காட்டுகிறது. பார்சிலோனாவில் 2011இல் தொடங்கிய காம்ப்மியூசிக் திட்டத்தில் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பங்கேற்று நம் ராகங்களின் அசைவை அளந்தார்கள். அளந்து வைத்ததை இசை செய்கிறவர் கைக்குக் கொண்டுவரும் வேலை மீதம் இருக்கிறது.

அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தையும் சொல்லாமல் விட முடியாது. 1969இல் டேவிட் டியூடர் அங்கே ஒரு மூக் சிந்தசைசரை நிறுவினார். உண்மையான வயர்களைச் செருகிச் செருகி ஒலி செய்கிற இயந்திரம் அது. கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ.எஸ். மாத்தூர், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை செய்தார்கள். சில ஆண்டுகளில் அந்தக் கூடம் ஓய்ந்தது. நாடாக்கள் அலமாரியில் கிடந்தன. பால் பர்கஸ் என்ற கலைஞர் கண்டெடுக்க, 2023இல் அவை இசைத்தட்டாக வெளிவந்தன. கேட்டபோது மகிழ்ந்தேன், வருந்தவும் செய்தேன். இந்தியாவில் ஒரு தலைமுறையே அறியாமல் போன இசை அது. அந்த மாதிரி இயந்திரத்தில் வயரைப் பிடுங்கினால் கட்டிய ஒலி கலைந்துவிடும். நாடாவில் மிஞ்சுவது விளைவு மட்டும்தான்.

பியூர் டேட்டாவின் பேட்ச் அப்படி இல்லை. அதைச் சேமித்தால் வெறும் எழுத்துக் கோப்பு. எந்தப் பெட்டி எங்கே, எது எதோடு சேர்ந்திருக்கிறது என்று வரி வரியாக இருக்கும். அச்சிடலாம், அனுப்பலாம், இன்னொருவர் திறந்து ஒரு வயரை மாற்றலாம். அதனால்தான் கட்டுரை படிக்க வந்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் கட்டுரையோடு பேட்சையும் கொடுத்துவிட்டுப் போங்கள். பெட்டிகளுக்கு அருகே குறிப்பு எழுத இடம் இருக்கிறது; அதைத் தமிழில் எழுதுங்கள். ஒவ்வொரு வாயிலும் என்ன வரும், எந்த அளவில் வரும், சுருதி எங்கிருந்து எடுத்தது என்று எழுதுங்கள். காரைக்குடியில் ஒருவர் கட்டிய தோடியோடு யாழ்ப்பாணத்தில் ஒருவர் கட்டிய தவிலை, ஒருவரை ஒருவர் பார்க்காமலே, கோத்து வாசிக்க முடிய வேண்டும்.

பிற்பகல் பயிலரங்குக்கு இரண்டு ஸ்பெஷல் நாடக ஆர்மோனியக் கலைஞர்களை அழைத்திருக்கிறோம். அவர்கள் வாசிக்க, மாணவர்கள் பேட்ச் கட்டப் போகிறார்கள். அந்தக் கலைஞர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள நிறைய இருக்கிறது: நிலைத்த கட்டைகள் கொண்ட பெட்டியில் அசைகிற பாட்டுக்கு எப்படி ஈடுகொடுக்கிறார்கள் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும்.

முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன். சுருதி ஒரு கட்டை. முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.