பன்னி மேய்க்க லாயக்கு

(மேலூர் வட்டாரத்தில் தலித் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



ஏழாம் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டேன். வாத்தியார் சொன்னார்: "நீயெல்லாம் பன்னி மேய்க்கத்தாண்டா லாயக்கு." வகுப்பே சிரித்தது. இதே வசவை மற்ற சாதிப் பையன்களுக்கும் சொல்லுவார். அவனுக்கு அது வெறும் வசவு, வீட்டுக்குப் போனதும் மறந்திருப்பான். எனக்கு அது வீட்டு விலாசம். எங்க அப்பா மதுரையில் துப்புரவு வேலை பார்த்தவர். வைகைக் கரையில் எங்களுக்கு நாலு பன்னி மேய்ந்துகொண்டிருந்தது. இன்றைக்கு நானும் பன்னி வளர்த்துத்தான் சாப்பிடுகிறேன். வாத்தியார் வாக்குப் பலித்துவிட்டது என்று சில தோழர்கள் கேலி பண்ணுகிறார்கள். பண்ணட்டும். அவர் சொன்னது மேய்ப்பதை. நான் இங்கே வளர்ப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

பன்னி எப்போ தீட்டாச்சு? நம்ம மதுரைத் திருவிளையாடல் புராணத்தில் ஒரு கதை உண்டு. பாண்டியன் வேட்டையில் தாயும் தகப்பனும் செத்துவிட, பன்னிரண்டு பன்றிக்குட்டிகள் அனாதையாகிவிடும். சிவபெருமானே தாய்ப் பன்றியாக வந்து பால் கொடுப்பார். புதுமண்டபத்தில் சிலையாகவும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். அதோடு முடியவில்லை, அந்தப் பன்னிரண்டு பேரும் பாண்டியனுக்கு மந்திரிகள் ஆகிறார்கள்! பன்றிக்குட்டி மந்திரியாகலாம். பன்றி வளர்க்கிறவன் பிள்ளைக்கு மட்டும் பெஞ்சில் இடம் கிடையாது.

இன்னும் பின்னாடி போனால் பெரும்பாணாற்றுப்படை. கள் காய்ச்சுகிற வீட்டில் ஓர் ஆண் பன்றியைப் பெட்டையோடு சேரவிடாமல், குழியில் நிறுத்தி, பல நாள் மாவு ஊட்டிக் கொழுக்க வைத்து, அந்தக் கறியை வருகிற பாணனுக்குக் கொடுக்கிறார்கள். கவனியுங்கள்: அடைத்து வைத்து, தீனி வைத்து, இனம் பிரித்து. இன்றைக்குக் கால்நடை டாக்டர் சொல்கிற மூன்றும் அதில் இருக்கிறது. அந்தக் குழிப் பன்றிக்குச் சாக்கடைத் தீனி இல்லை.

சாக்கடைக்குப் பன்னியை அனுப்பியது யார்? நகரத்து எடுப்புக் கக்கூஸை எங்க ஆட்கள் கையால் அள்ளினார்கள். தீனி வாங்கக் காசு இல்லை, கட்டி வைக்க ஒரு சென்ட் நிலம் இல்லை. ஊர் கழித்ததைத் தின்று வளர்கிற ஒரே சொத்து பன்னிதான். ஆக, பன்னி அசிங்கமானது ஊருடைய அசிங்கத்தால். பிறகு அதே ஊர் மூக்கைப் பிடித்துக்கொண்டு நம்மைப் பார்த்துக் காறித் துப்புகிறது.

இங்கே ஒரு கேள்வி வரும், போன கூட்டத்திலேயே ஒரு தோழர் கேட்டார். 1927இல் மகாத்தில் பாபாசாகேப் செத்த மாட்டைத் தின்னாதே, இழிதொழிலை விடு என்றாரே, நீங்கள் பன்னியைக் கட்டிக்கொண்டு அழச் சொல்கிறீர்களே? நியாயமான கேள்வி. நானும் பல வருசம் அப்படி நினைத்துத்தான் ஒதுங்கியிருந்தேன். செத்த மாட்டை இழுப்பது ஊர்க்காரன் ஏவிச் செய்கிற வேலை. அங்கே என் உழைப்புக்கு விலை கிடையாது, மறுக்க உரிமை கிடையாது. என் நிலத்தில் என் காசுக்கு வாங்கி நான் விலை சொல்லி விற்கிற பன்னி அப்படியா? அதே காலத்தில் பாபாசாகேப் விவசாய நிலத்தைத் தேடிப் போகவும் சொன்னார். அதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். சாணியும் நாறத்தான் செய்யும், மாடு வளர்க்கிறதை யாராவது இழிதொழில் என்கிறார்களா? இதில் என்னோடு மாறுபடுகிறவர்கள் பிறகு பேசுங்கள், சண்டை போடலாம்.

இப்போ விசயத்துக்கு வர்றேன். அரை ஏக்கரோ பத்து சென்ட்டோ வைத்திருக்கிறவர் எப்படித் தொடங்குவது?

முதலில் தாய்ப்பன்னி வாங்காதீர்கள். பால் மறந்த குட்டி, எட்டு வாரம் தாண்டியது, இரண்டு வாங்குங்கள். ஒன்று வேண்டாம். தனியாக நின்றால் தீனி எடுக்காது, ஏங்கிப்போகும். ஆண் குட்டியானால் காயடித்தது. ஆறேழு மாதம் வளர்த்து விற்றுப் பாருங்கள். உங்களால் முடியுமா, வீட்டில் உள்ளவர்கள் முகம் சுளிக்காமல் நிற்பார்களா என்பது அதற்குள் தெரிந்துவிடும். (வீட்டில் உள்ளவர்கள் என்று சொல்கிறேன். உண்மையில் தீனி காய்ச்சுவதும் கொட்டில் கழுவுவதும் பெண்கள் தலையில்தான் விழுகிறது. விற்ற காசு மட்டும் ஆம்பளை பையில். அந்தக் காசில் பாதி யார் கையில் என்று குட்டி வாங்குகிற அன்றைக்கே பேசி முடியுங்கள்.)

இரண்டு குட்டிக்கு எட்டுக்கு எட்டு அடி கொட்டில் தாராளம். நாலடிச் சுவர், சொரசொரப்பான சிமெண்டுத் தரை, ஒரு பக்கமாகச் சாய்வு. மேலே கீற்றுக் கூரை. பன்னிக்கு நம்மைப் போல வேர்க்காது. மதுரை வெயிலில் தகரத்துக்குக் கீழே போட்டால் வெந்துபோகும். சேற்றில் புரள்வது அசிங்கம் பிடித்து இல்லை தோழர்களே, சூடு தணிக்கத்தான். தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் தண்ணீரிலேயே படுக்கும். ஒரே மூலையில்தான் கழியும், படுக்கிற இடத்தை நாசம் பண்ணாது.

தீனிக்குத் தவிடு, குருணை, கடலைப் புண்ணாக்கு. இதையே முழுக்க வாங்கிப் போட்டால் கட்டுப்படி ஆகாது. ஒரு கிலோ எடை ஏற மூன்றரை, நாலு கிலோ தீனி தின்னும். அதனால் எல்லோரும் ஓட்டல் மிச்சத்துக்குப் போகிறோம். மதுரையில் ஓட்டலுக்குப் பஞ்சமா? ஆனால் கொதிக்க வைக்காமல் ஊற்றவே கூடாது. அரை மணி நேரமாவது நன்றாகக் கொதிக்கட்டும். உப்பு அதிகம் இருக்கும், பக்கத்தில் நல்ல தண்ணீர் எந்நேரமும் வேண்டும். தண்ணீர் வற்றினால் உப்பே விஷமாகி வலிப்பு வந்து சாகும்.

கொதிக்க வைக்கச் சொல்வதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020இல் அசாம், அருணாச்சலத்தில் நுழைந்தது. 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப் பன்றிகள் செத்தன. இதற்கு மருந்து கிடையாது. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் கொட்டிலையே காலி பண்ணிவிடும். பன்னிக்கறி மிச்சம் கலந்த எச்சிலிலும், அடுத்த பண்ணைக்காரர் செருப்பிலும் வரும். சாதாரணப் பன்றிக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது, கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் போடுங்கள். திருப்பரங்குன்றத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. படித்த பிள்ளைகள் நீங்கள் போய்க் கேளுங்கள். கூச்சப்பட்டு நின்றால் பன்னிதான் சாகும்.

நாடாப்புழுவைச் சொல்லாமல் விட்டால் யோக்கியம் இல்லை. வயிற்றில் புழு உள்ள மனிதர் வெளியே கழிக்கிறார். அதைத் தின்ற பன்னியின் கறியில் கட்டி வருகிறது. வேகாத கறியில் அது மறுபடி மனிதருக்கு வருகிறது. அந்த முட்டை அழுக்குக் கையிலோ கீரையிலோ ஒட்டி உள்ளே போனால் மூளையில் கட்டியாகி வலிப்பு வரும். மரக்கறி மட்டுமே சாப்பிடுகிற ஐயருக்கும் வரும். ஆக, குற்றவாளி பன்னி இல்லை, கக்கூஸ் இல்லாத ஊர். அடைத்து வளர்த்த பன்னியில் அந்தச் சங்கிலி அறுந்துபோகிறது. கொசு விசயமும் அப்படித்தான். மூளைக்காய்ச்சல் வைரஸ் பன்னி உடம்பில் பெருகி, வயல் கொசு மூலம் பிள்ளைகளுக்கு வரும். வீட்டை ஒட்டிக் கொட்டில் போடாதீர்கள். ஊர்க்காரன் கோழிப்பண்ணை போட்டால் தொழில், நாம பன்னி வளர்த்தா நாத்தம் என்பார்கள். அது சாதிதான். இருந்தாலும் அந்த வாய்க்கு நாமே அவல் கொடுக்க வேண்டாம். தினம் இரண்டு வேளை கழுவி, கழிவை எருக்குழிக்கு விடுங்கள்.

தாய்ப்பன்னி வைக்கிற அளவுக்கு வந்தவர்களுக்கு: சினை 114 நாள், மூன்று மாதம் மூன்று வாரம் மூன்று நாள். நான் ஈன வைத்த முதல் ஈற்றில் ஒன்பது குட்டி. மூன்றாவது வாரம் ஒவ்வொன்றாக வெளுத்துப்போய் ஐந்து செத்தது. தாய்ப்பாலில் இரும்புச் சத்து போதாது. தெருப் பன்னிக் குட்டி மண்ணைக் கிளறி எடுத்துக்கொள்ளும். நான் சிமெண்டுத் தரையில் பெருமையாக வளர்த்தேன்! பிறந்த மூன்றாம் நாலாம் நாளில் இரும்பு ஊசி போட வேண்டும் என்று ஐந்து குட்டியைப் புதைத்த பிறகுதான் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். "செம்மண்ணு ரெண்டு கூடை கொட்டி வச்சிருக்கலாம்லடா" என்றார். அவருக்கு இரும்புச் சத்து என்ற வார்த்தை தெரியாது.

கவர்மெண்டு உதவி உண்டா? உண்டு. 2021இல் திருத்திய தேசியக் கால்நடை இயக்கத்தில் 100 தாய்ப்பன்றி, 10 ஆண் பன்றிக்கு 30 லட்சம் வரை, செலவில் பாதி மானியம். பிறகு 50க்கு 5 என்ற சிறிய அளவையும் சேர்த்து அதற்கு 15 லட்சம் வைத்தார்கள். மீதிப் பாதியும், இடமும், பேங்கில் அறிமுகமும் யாரிடம் இருக்கிறது? நம் பெயரில் எழுதிய பஞ்சமி நிலமே 1892இலிருந்து கைமாறிப் போய், அதைக் கேட்டதற்கு 1994இல் ஜான் தாமஸையும் ஏழுமலையையும் சுட்டார்கள். பத்து சென்ட் கொட்டிலுக்குப் பேசுகிற நாம் அந்த நிலத்தையும் சேர்த்தே பேச வேண்டும்.

கடைசியாக விற்பனை. இதற்காகத்தான் வந்தேன். வியாபாரி தராசு கொண்டுவர மாட்டார். கண்ணால் பார்த்து, "அறுவது கிலோ தேறும்" என்பார். அப்பா காலம் முழுக்க அப்படித்தான் விற்றார். ஒரு டெய்லர் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்று, இரண்டு காதுக்கு நடுவிலிருந்து வால் அடிவரை நீளம், இரண்டையும் மீட்டரில் எடுங்கள். சுற்றைச் சுற்றால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 69.3ஆல் பெருக்குங்கள். சுற்று 1.05, நீளம் 1.10 என்றால் 84 கிலோ வரும். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். ஆனால் அறுபதுக்கும் எண்பத்து நாலுக்கும் நடுவில் 24 கிலோ, அது அவ்வளவும் நம் வீட்டு உழைப்பு. நான் முதல் தடவை டேப்பை எடுத்தபோது வியாபாரி சிரித்தார். இரண்டாம் தடவை தராசோடு வந்தார்.

கணக்குத் தப்பாகப் போட்ட பையன்தான் இதைச் சொல்கிறேன்.

இந்தக் காலனியில் நம் தோழர் வீட்டில் இரண்டு பன்னி நிற்கிறது. காலையில் தீனி வைப்பதற்கு முன்னால் அளந்தால்தான் சரியாக வரும். ஆறு மணிக்கு வந்துவிடுங்கள். செருப்பை வெளியே விட்டு, காலைக் கழுவிவிட்டு உள்ளே வாங்க.