பூர்வீக வீட்டை விற்க நேரிடின்

(நமது சபையின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வீடு விற்பதைப் பற்றி நமது சபையில் பேசலாமோ என்று காரியதரிசியவர்கள் சற்றுத் தயங்கினார்கள். தயக்கம் நியாயமே. ஆயினும், செட்டிநாட்டு ஊர்களில் தெருத்தெருவாகப் பூட்டிக் கிடக்கும் வீடுகளை நாள்தோறும் காண்கின்ற நாம் இதைப் பேசாது விடுவதனால் யாது பயன்? விற்பதா, வைத்திருப்பதா என்பது அவ்வக் குடும்பத்தாரின் பொறுப்பு. அதில் யாம் தலையிடோம். விற்பதென்று துணிந்தபின் தகுந்த கிரயம் பெறுவதற்கு வீட்டை எங்ஙனம் ஆயத்தம் செய்வது என்பதே இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம்.

பர்மா, மலேயா, இலங்கை முதலிய நாடுகளில் நடந்த கொடுக்கல் வாங்கலின் ஊதியத்தைக் கொண்டு நம் முன்னோர் இவ்வீடுகளைக் கட்டினர். தேக்கு பர்மாவினின்று கப்பலில் வந்தது. 1942 ஆம் வருஷத்து யுத்தத்தோடு அத்தொழிலின் வேர் அறுந்தது. வீடுகள் மட்டும் நின்றன. அன்று நான்கு புள்ளிக்கு உரியதாயிருந்த வீட்டிற்கு இன்று நாற்பது பேர் உரியவர். அவர்களிற் பாதிப்பேர் அவ்வீட்டின் இரண்டாங்கட்டைக் கண்டதுமில்லை.

எமது குடும்பத்து வீடொன்றின் கதையை ஒளியாமற் சொல்லுவோம். அது பன்னிரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. பிரயாணிகள் தங்கும் விடுதியாக்க எண்ணிய கனவான் ஒருவர் பார்க்க வந்தார். அவர் வருவதற்கு ஒரு மாதம் முன்பு, பங்காளிகளில் ஒருவர், "கிடைத்த மட்டும் லாபம்" என்று, இரண்டாங்கட்டுத் தூண்கள் நான்கையும் நிலையோடு ஒரு கதவையும் பழஞ்சாமான் வியாபாரியிடம் கொடுத்துவிட்டார். தூண் நின்ற இடத்தில் செங்கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். வந்தவர் முகப்பைக் கண்டு மகிழ்ந்தார். வளவிலே நின்று அண்ணாந்து பார்த்துத் தலையசைத்தார். இரண்டாங்கட்டை மிதித்தவுடன் அவர் பேச்சு நின்றது. முதலிற் சொல்லியனுப்பிய தொகையிற் பாதிக்குச் சிறிது மேலாகக் கேட்டுவிட்டுப் போய்விட்டார். தூண்களாலும் கதவாலும் வந்த பணம், குறைந்த தொகையில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

ஆகவே யாம் முதற்கண் வேண்டிக்கொள்வது, வீட்டைத் துண்டு துண்டாகக் கழற்றி விற்காதீர்கள் என்பதே. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014 ஆம் வருஷத்தில் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இக்காலத்து வாங்குவோரில் நல்ல விலை கொடுப்பவர் முழு வீட்டையே தேடி வருகின்றனர். மரத்தை மட்டும் தேடுகிறவர் காரைக்குடிக் கடைகளிலேயே வாங்கிக்கொள்வார்.

அடுத்தது செப்பனிடுதல். இதிற் பலர் செலவிட வேண்டாத இடத்திற் செலவிட்டு, வேண்டிய இடத்தில் விட்டுவிடுகின்றனர். முதற் செலவு கூரைக்கு. உடைந்த ஓட்டை மாற்றி, முற்றத்துத் தகரத் தூம்புகளில் அடைத்துக்கொண்ட சருகை அகற்றி, மழை நீர் வெளியேறும் வழியைத் திறந்துவிடுங்கள். சுவரிலே முளைத்த அரசங்கன்றை மேலே வெட்டினால் அது மறுபடியும் துளிர்க்கும். வேரோடு எடுத்து அவ்விடத்தைச் சுண்ணாம்பு கொண்டு அடைக்க வேண்டும். கரையான் ஏறிய உத்தரம் உண்டா என்று தச்சரை அழைத்துத் தட்டிப் பார்க்கச் செய்யுங்கள். கிணற்றைத் தூரெடுங்கள்.

செலவிட வேண்டாதது எதுவெனின், பளபளப்பு. முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சின்மேல் சிமெண்டும் பெயிண்டும் பூசுவது, பட்டுப் புடவைக்குத் தாரடிப்பதை ஒக்கும். சுண்ணாம்புச் சுவர் உள்ளிருக்கும் ஈரத்தை வெளிவிடும்; அதன் வாயை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கி, இரண்டொரு மழைக்காலத்திற் பூச்சு உப்பிப் பெயரும். ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்த்துவிட்டு இயந்திரக் கல் பதிப்பதும் அவ்வாறே. நன்றாகக் கழுவித் துடைத்துச் சிறிது தேங்காயெண்ணெய் தேய்த்தால் பழைய நிறம் தானே வரும். எங்கள் ஆச்சிமார் வேறென்ன செய்தார்கள்?

வீட்டிற் கிடக்கும் பெட்டி, படம், பாத்திரங்களை வாங்குவோர் வருமுன்னரே பங்கிட்டு எடுத்துவிடுங்கள். சாமான் அடைந்த அறை சிறிதாகத் தோன்றும். சண்டையும் அங்கேதான் பிறக்கும். பின்பு பத்து நாளாவது கதவுகளையெல்லாம் திறந்து காற்றோட விட்டு, வெயில் முற்றத்தில் விழும் காலை வேளையில் வந்தவர்க்குக் காட்டுங்கள்.

ஒரு குறையை மட்டும் மூடி மறைக்கலாமே என்பாருளர். 1882 ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55 ஆம் பிரிவு, வாங்குவோர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுகொள்ள இயலாத முக்கியக் குறையை விற்பவர் அறிந்திருப்பின் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது. சட்டம் கிடக்கட்டும். வெடித்த உத்தரத்திற்கு அட்டை அடித்து மறைத்ததை ஒருவர் கண்டுபிடித்துவிட்டால், குற்றமற்ற மற்ற நூறு உத்தரங்களையும் அவர் சந்தேகிப்பார். விலையும் நூறு மடங்கு சந்தேகத்தோடு இறங்கும்.

இனி, எல்லாவற்றினும் பெரிய பழுது கூரையிலன்று, பத்திரப் பெட்டியில் இருக்கிறது. பட்டா பாட்டனார் பெயரில், வரி ரசீது பெரியப்பா பெயரில், பாகப்பிரிவினை வாய்ச்சொல்லில் என்றிருந்தால், வாங்குவோர் துணிந்து விலை சொல்லார். தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றை முன்னரே சேர்த்து வையுங்கள். அயல்நாட்டிலிருப்போர் எழுதியனுப்பும் அதிகாரப் பத்திரம் இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்திற்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்பட வேண்டும்; உறையைப் பிரித்து அலமாரியில் வைத்துவிட்டு மறந்தவர் அநேகர்.

பெண்மக்களைப் பற்றியும் தெளிவாகச் சொல்ல வேண்டும். 2005 ஆம் வருஷத்துத் திருத்தச் சட்டம் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு ஒத்த பங்கை அளித்தது. அன்று தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டுவதில்லை என்று 2020 ஆம் வருஷத்தில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "கட்டிக் கொடுத்தாயிற்று, அவளை எதற்குக் கேட்பது?" என்பார் பேச்சைக் கேட்டு, எமது குடும்பத்தார் சிங்கப்பூரிலிருந்த எம் அத்தையைக் கேட்கவில்லை. இரண்டாவதாக வாங்க வந்தவருடைய வக்கீல் கேட்டார். அதன்பின் மூன்று வருஷம் வீடு விலை போகவில்லை. அத்தையவர்கள் கேட்டதோ பணமன்று. படைப்பு இனி யார் வீட்டில் நடக்கும் என்பதைத் தம்மிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றுதான் வருந்தினார்கள். அதை முடிவு செய்து அவர்களிடம் நேரிற் போய்ச் சொன்ன மறு மாதமே கையெழுத்து வந்தது.

அம்மூன்று வருஷத்திற் கூரையைச் செப்பனிட்டோம். தூண்களைத் தேடிப் போனதில் இரண்டு அதே கடையில் இருந்தன. விற்றதைப்போல் நான்கு மடங்கு கொடுத்து மீட்டு, பழைய இடத்திலேயே நிறுத்தினோம். வீடு முதலிற் சொன்ன தொகைக்குச் சற்றுக் குறைவாக விலை போயிற்று. மற்ற இரண்டு தூண்களும் கதவும் எவ்வூருக்குப் போயின என்று கடைக்காரருக்கே நினைவில்லை.