கத்திரி வெயிலுக்கு முன் கார் ஹோஸ்களைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் வளாகத்தில் நிற்கும் கார்களில் பாதிக்கு மேல் வயதானவை. மாருதி 800, ஸென், பழைய சான்ட்ரோ எல்லாம் இருக்கின்றன. மாருதி 800 உற்பத்தி 2014 ஜனவரியோடு நின்றுவிட்டது. ஆகவே அந்த வண்டி எதுவானாலும் பத்து வயதைத் தாண்டியதுதான். விம்கோ நகர் வரை மெட்ரோ வந்த பிறகு இந்தக் கார்களுக்கு வேலையும் குறைந்துவிட்டது. ஆனால் நடுராத்திரியில் ஒருவருக்கு நெஞ்சு வலித்து ஸ்டான்லிக்குப் போக வேண்டும் என்றால் கீழே இறங்கி அந்தக் காரைத்தான் எடுக்கிறோம். அந்த நேரத்தில் அது நின்றுவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

நான் மெக்கானிக் இல்லை. வங்கியில் கணக்கு எழுதியவன். என் காரின் ஹோஸ்களை நானே மாற்றிக்கொள்கிறேன். அந்த அளவில்தான் பேசுகிறேன்.

எஞ்சினைச் சுற்றி ஓடும் கூலன்ட் சூட்டை வாங்கிக்கொண்டு மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போகிறது. அங்கே ஆறி, கீழ் ஹோஸ் வழியாக வாட்டர் பம்புக்குத் திரும்புகிறது. இவை தவிர ஹீட்டருக்குப் போகும் சிறிய ஹோஸ்கள் உண்டு. ரேடியேட்டர் மூடியிலிருந்து ரிசர்வ் தொட்டிக்கு ஒரு மெல்லிய குழாய் உண்டு. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை, அது உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. 0.9 கிலோ என்று குறித்திருக்கும் மூடி போட்டால், வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, சுமார் 118 டிகிரி வரை தாங்கும். அந்தச் சூட்டையும் அழுத்தத்தையும் தினமும் தாங்குவது இந்த ரப்பர் ஹோஸ்கள்தான்.

ரப்பரைப் பற்றி நம் பகுதிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எம்.ஆர்.எஃப். நிறுவனமே 1946ல் மாமன் மாப்பிள்ளை திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பலூன் செய்ததில் தொடங்கியது. ரப்பருக்கு ஒரு குணம் உண்டு. சும்மா வைத்தாலும் அது மூப்படையும். வங்கியில் பழைய வவுச்சர் கட்டுகளை எடுத்தால், யாரும் தொடாத ரப்பர் பேண்ட் கையில் பொடிந்துவிடும். கார் ஹோஸில் இருப்பது இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர். அது ரப்பர் பேண்டைவிடப் பல மடங்கு உழைக்கும். ஆனாலும் சூடும் காலமும் அதையும் விடுவதில்லை.

வணிகவியல் படித்தவர்களுக்கு ஒரு வார்த்தையில் சொல்லலாம். எஞ்சின் ஆயிலுக்குத் தேய்மானம் பெரும்பாலும் கிலோமீட்டர் கணக்கில். ஹோஸுக்கு நேர்கோட்டு முறையில், வருடக் கணக்கில். “என் வண்டி வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடவில்லையே, அதற்குள் எதற்கு மாற்றுவது?” என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். ஓடாத வண்டியின் ஹோஸும் பழசாகிக்கொண்டுதான் இருக்கிறது.

நம் பகுதியில் கூடுதலாக மூன்று சிரமங்கள் இருக்கின்றன. ஒன்று, எண்ணூர் விரைவுச்சாலையிலும் மணலி சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது நம் கார் நகராமல் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். முன்பக்கம் காற்று அடிக்காது, விசிறியை நம்பித்தான் ரேடியேட்டர் ஆற வேண்டும். பழைய ஹோஸ் பிளப்பதற்கு ஏற்ற நேரம் அதுதான். இரண்டு, கடல் காற்று. ஹோஸ் கிளிப்புகள் உப்பில் துருப்பிடித்து, வெளியே முழுசாகத் தெரிந்தாலும் திருகும்போது உடைந்துவிடும். மூன்று, நம் போர் தண்ணீர். மீஞ்சூர் வரை நிலத்தடியில் கடல்நீர் ஏறியிருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படியும், உலோகம் அரிக்கும். தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்றால் பேட்டரிக்கு வாங்கும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றுங்கள்.

ஹோஸ் பிளந்தால் என்ன நஷ்டம்? கூலன்ட் போய்விட்டால் சில நிமிடங்களில் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடாகும். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளையும், ஹெட் கேஸ்கெட் போகும். ஒரு செட் ஹோஸுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஓரிரு ஆயிரம் வரை ஆகலாம். ஹெட்டைப் பிரித்தால் அதைப்போலப் பல மடங்கு. பழைய வண்டிக்கு அந்தச் செலவு வந்தால் பலர் வண்டியையே விற்றுவிடுகிறார்கள்.

இப்போது பரிசோதனை. காலையில், வண்டி முழுசாக ஆறியிருக்கும்போது பானெட்டைத் திறங்கள். ஹோஸின் நடுப்பகுதியை விரலால் அழுத்திப் பாருங்கள். பிறகு கிளிப்புக்குப் பக்கத்தில் அழுத்துங்கள். முனை மட்டும் தொளதொளவென்று இருந்தால் உள்ளே விரிசல் விட்டிருக்கிறது என்று அர்த்தம். வெளியே பளபளப்பாக இருக்கும் ஹோஸ்கூட இப்படி உள்பக்கம் கிழிந்திருக்கும். முழு ஹோஸும் கட்டைபோல் இறுகியிருந்தால் சூட்டில் காய்ந்துவிட்டது. ஓரிடம் உப்பிப் பிசுபிசுத்தால் எஞ்சின் ஆயில் பட்டு ஊறியிருக்கிறது, அந்தக் கசிவையும் சரிசெய்ய வேண்டும். கிளிப் ஓரத்தில் வெள்ளையாகவோ பச்சையாகவோ காய்ந்த படிவம் தெரிந்தால் அங்கே ஒழுகுகிறது. ஒன்று கெட்டிருந்தால் எல்லாவற்றையும் மாற்றுங்கள், எல்லாம் ஒரே வயது. நன்றாக இருந்தாலும் நான்கைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது என் கணக்கு.

ஹோஸ் வாங்கும்போது உங்கள் மாடலும் வருடமும் சொல்லி, வளைவு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நேர் ஹோஸை வளைத்துப் போட்டால் மடிப்பு விழுந்து ஓட்டம் அடைபடும். சில வண்டிகளின் கீழ் ஹோஸுக்குள் ஒரு ஸ்பிரிங் இருக்கும். பம்ப் இழுக்கும்போது ஹோஸ் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது வேண்டும். பழையதில் இருந்தால் புதியதிலும் இருக்க வேண்டும். கிளிப்புகளையும் புதிதாக வாங்குங்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்.

வேலையை இப்படிச் செய்யுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றுங்கள், விசிறி தானாகச் சுற்றாது. ஹோஸ்கள் போகும் வழியைச் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் அகலமான பேசின் வைத்து, ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து கூலன்ட்டை வடியுங்கள். கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸை முறுக்கி இழுங்கள். வராவிட்டால் ஸ்குரூ டிரைவரால் நெம்ப வேண்டாம், ரேடியேட்டரின் மூக்கு உடைந்துவிடும். பழைய ஹோஸ்தானே, பிளேடால் நீளவாக்கில் மெதுவாகக் கீறி உரித்துவிடுங்கள். கீறல் மூக்கில் படக்கூடாது.

மூக்கில் ஒட்டியிருக்கும் படிவத்தை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துத் துடையுங்கள். பலர் இதை விட்டுவிடுவதால்தான் புது ஹோஸும் ஒழுகுகிறது. ஹோஸின் உள்பக்கத்தைக் கூலன்ட்டால் நனைத்துச் செருகுங்கள். கிரீஸும் எண்ணெயும் ஆகாது. மூக்கின் ஓரத்தில் ஒரு சிறிய மேடு இருக்கும். கிளிப் அந்த மேட்டைத் தாண்டி உள்ளே உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. இறுக்கம் போதுமான அளவு இருக்கட்டும். ரப்பர் கிளிப்பின் துளைகள் வழியே பிதுங்கினால் அதிகம்.

அடித் திருகை மூடி, கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். பேட்டரி இணைப்பைத் திரும்ப மாட்டுங்கள். ஹீட்டர் இருந்தால் சூட்டுப் பக்கம் முழுசாகத் திருப்புங்கள். மூடி திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டால் உள்ளே இருக்கும் காற்று குமிழியாக வெளியேறும். பெரும்பாலான வண்டிகளில் தெர்மோஸ்டாட் திறந்ததும் மேல் ஹோஸ் சட்டென்று சுடும், கூலன்ட் மட்டம் இறங்கும். நிரப்பி, மூடி, விசிறி ஓடி நிற்கும் வரை காத்திருங்கள். மறுநாள் காலையில் மட்டத்தைப் பாருங்கள். ஆறிய எஞ்சினில் கிளிப்புகளை இன்னொரு முறை சரிபாருங்கள். ஒரு வாரம் வண்டிக்கு அடியில் அட்டை போட்டு வையுங்கள், சொட்டினால் தெரியும்.

பழைய கூலன்ட்டை வளாகத்துச் சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்ற வேண்டாம். அதில் உள்ள எத்திலின் கிளைக்கால் இனிப்பாக இருக்கும். நாயும் பூனையும் நக்கினால் செத்துப்போகும், குழந்தைகளுக்கும் விஷம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் கழிமுகத்தில் படிந்ததை நாம் பார்த்தோம். நம் பங்குக்கு ஒரு பேசின்கூடச் சேர்க்க வேண்டாம். கேனில் அடைத்து, பெயர் எழுதி, வாங்கிக்கொள்ளும் ஒர்க்ஷாப்பில் கொடுங்கள். சிந்தினால் மணல் போட்டு வாரிவிடுங்கள்.

கூட்டத்தில் கேட்ட இரண்டு கேள்விகள்

வழியில் வண்டி சூடேறினால் என்ன செய்வது?

ஏ.சி.யை அணைத்து, ஓரம் கட்டி, எஞ்சினை நிறுத்துங்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிடுங்கள். சூடேறிய முள் திடீரென்று கீழே இறங்கினால் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூலன்ட் முழுசாகப் போய்விட்டால் அளவிடும் சென்ஸாரைச் சுற்றித் திரவம் இருக்காது, முள் பொய் சொல்லும்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

ஆயில் மூடியைத் திறந்தால் பால் கலந்த காப்பிபோல் இருந்தாலோ, வெள்ளைப் புகை விடாமல் வந்தாலோ, வாட்டர் பம்ப் பக்கம் ஒழுகினாலோ வீட்டில் கை வைக்க வேண்டாம்.

சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, வெயில் ஏறுவதற்கு முன், நான் கீழே வாகன நிறுத்தத்தில் இருப்பேன். தொட்டுப் பார்க்க ஐந்து நிமிடம்தான் ஆகும். விருப்பமுள்ளவர்கள் பானெட்டைத் திறந்து வையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.