தோட்டத்துக்குக் கல் சுவர்
உழும்போது கொழுவில் இடறிய கல்லையெல்லாம் பொறுக்கி வரப்போரம் குவித்திருப்பீர்கள். அதைக் கொண்டே தோட்டச் சுவரை நீங்களே கட்டிவிடலாம், சிமெண்ட் வேண்டாம். குவியலில் கை வைக்குமுன் கடப்பாரையால் புரட்டிப் பாருங்க, தேள் இருக்கும்.

3 அடி உயரச் சுவருக்கு 2 அடி அகலத்தில் வாணம் தோண்டி, கெட்டித் தரையில் பெரிய கல்லை வையுங்கள். ஏற ஏற இருபுறமும் உள்சாய்த்து, உச்சியில் 1 அடியாகக் குறையுங்கள். கல்லின் நீளம் சுவருக்குள்ளே போகவேண்டும். அழகுக்காக நீளவாக்கில் வைத்தால், ஆடு ஏறினாலே பெயர்ந்து பிள்ளைகள் காலில் விழும். மூட்டுக்கு மேல் மூட்டு வரக்கூடாது. பாதி உயரத்தில், கஜத்துக்கு ஒன்றாக, இருமுகத்தையும் பிடிக்கும் நீளக்கல் போடுங்கள். நடுவில் சில்லுக்கல்தான் இறுக்கவேண்டும். அவசரத்தில் பலபேர் மண்ணை அள்ளிக் கொட்டிவிடுகிறார்கள். ஐப்பசி மழையில் அது கரைந்து, சுவர் வயிறு தள்ளிவிடும். உச்சியில் கனமான பட்டைக்கல்லை நெருக்கி அடுக்குங்கள்.