சோர்ஸ் கோடும் சோற்றுப் பிரச்சினையும்



ஹாஸ்டல் ரூமில் லினக்ஸ் சி.டி.யை வச்சுக்கிட்டு விடிய விடிய வாதம் பண்ணினவன் என்பதால், 'வேலையிடத்தில் கட்டற்ற மென்பொருள்' பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வாதம் பண்ணுவது சுலபம் சார். மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டு அதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம்.

கடலூரில் ஒரு சின்ன கம்பெனியில் இருந்தேன், பெயர் வேண்டாம். இறால் குட்டையில் ஆக்சிஜன் விடியற்காலையில்தான் ரொம்பக் குறையும். அந்நேரம் ஏரேட்டரைத் தானாக ஓடவிடும் பெட்டி ஒன்று செய்து விற்றோம். உள்ளே ஓடுவது லினக்ஸ். பரங்கிப்பேட்டைப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர், "தம்பி, இதுக்குள்ள ஓடுற புரோகிராமைக் கொடுங்களேன், என் மகன் பார்க்கணும்கிறான்" என்றார். முதலாளியோ, "அதெல்லாம் கம்பெனி ரகசியம்னு சொல்லிடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. லினக்ஸ் கெர்னல் 1992 முதல் ஜி.பி.எல். உரிமத்தில் வருகிறது. பெட்டிக்கு என்ன விலையும் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் அதிலுள்ள கெர்னலின் சோர்ஸ் கோடையும் கூடவே தரணும். இல்லையென்றால் கேட்டால் தருகிறோம் என்று மூன்று வருஷமாவது செல்லும் உறுதியை எழுத்தில் தரணும். நாங்களே தனியாக எழுதிய கட்டுப்பாட்டு புரோகிராமை வெளியே கொடுக்கக் கட்டாயமில்லை. இந்த வித்தியாசத்தைப் புரியவைக்க ஆறு மாசம் மல்லுக்கட்டினேன். "எவன் கேட்கப் போறான்?" என்றார். "கேட்டுட்டாரே சார்!" என்றேன். அந்த வருஷம் எனக்கு இன்கிரிமென்ட் இல்லை. "ஊர்ல இல்லாத நியாயம் உனக்கு மட்டும் எதுக்குடா?" என்று அம்மா கேட்டாங்க. பதில் சொல்லத் தெரியவில்லை.

நான் சன்னியாசி இல்லை. என் மேசையிலும் டேலி, ஆட்டோகேட் எல்லாம் இருந்தன. திருட்டு காப்பி மட்டும் போட மாட்டேன் என்றிருந்தேன். உமாசங்கர் ஐ.ஏ.எஸ். காலத்தில் எல்காட் லினக்ஸுக்கு மாறியபோது நாடே மாறிவிடும் என்று நினைத்தவர்கள்தானே நாம்! 2011-இல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் வந்தது. பிள்ளைகள் எதைத் திறந்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள்.

கடைசியில் முதலாளி மசிந்தது என் வாதத்தால் அல்ல. வெளிநாட்டு ஆர்டர் ஒன்று வந்தது. வாங்குபவர், உள்ளே என்னென்ன மென்பொருள், என்ன உரிமம் என்று பட்டியல் கேட்டார். அன்று ராத்திரி போன் பண்ணி, "அந்தச் சீட்டை எப்படி எழுதணும்?" என்றார். தமிழில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று எழுதிக் கொடுத்தேன். அதன்பின் ஒவ்வொரு பெட்டியிலும் அது போனது. நான் அங்கே இருந்தவரை சீட்டைப் பார்த்து சோர்ஸ் வாங்கிப்போனது ஒரே ஒருவர். அதே பரங்கிப்பேட்டைப் பையன்தான்!