பன்றிக்கு வைத்த சுருக்கு
(தோட்டத்துக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



பன்றியைப் பற்றிக் கதைக்கச் சொன்னவர்கள் நீங்கள்தான். "ராவோட ராவா வந்து கெழங்கையெல்லாம் கிண்டிட்டுப் போயிருதுங்க" என்று ஒரு அம்மா சொன்னார். லயத்துக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் பாடுபட்டவருக்குத்தான் அந்த வயிற்றெரிச்சல் தெரியும். ஆகவே, "அதுவும் ஒரு சீவன்தானே" என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த நாங்கள் வரவில்லை.

ஆனால் கம்பிச் சுருக்கைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்துத் தோட்டமொன்றில் சுருக்கில் அகப்பட்டது பன்றியல்ல, கருஞ்சிறுத்தை. இந்த நாட்டில் காண்பதற்கே அரியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தார்கள். கழுத்தில் கம்பி இறுகிய காயம் ஆறவில்லை. மே 29ஆம் திகதி செத்துப்போனது. நம்ம மலையில் பன்றியைப் பிடித்துத் தின்பதே சிறுத்தைதான். அதைச் சாகவிட்டுவிட்டு, பன்றி கூடிப்போச்சு என்று நாமே குறைசொல்கிறோம்! லயத்து லைனிலிருந்து கரண்ட் இழுத்துக் கம்பியில் விடுவது அதைவிட மோசம். அந்தக் கம்பியில் பன்றிக்கு முந்தி நம்ம பிள்ளையே கால் வைக்கலாம்.

பன்றிக்குப் பார்வை மட்டு. மூக்கும் காதும்தான் கூர்மை. பனி மூடிய காலையில் மலைக்கு ஏறும்போது சத்தமாகப் பேசிக்கொண்டு போங்கள். கேட்டால் அதுவே விலகிவிடும். குட்டிகளைக் கண்டால் "எவ்வளவு வடிவா இருக்கு" என்று நின்று பார்க்காதீர்கள், தாய் பக்கத்திலேதான் நிற்கும். முகத்தை அதன் பக்கம் வைத்தபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்து வந்தால் மரத்திலோ உயரமான கல்லிலோ ஏறிக்கொள்ளுங்கள். நாயை ஏவிவிடவே வேண்டாம். வெருண்ட பன்றி நாயோடு நிற்காது, ஆள்மேலும் பாயும்.

கொம்பு பட்டால் பெரும்பாலும் தொடையில்தான் கிழிக்கும். சுத்தமான துணியை வைத்து விடாமல் அமுக்கிப் பிடித்துக்கொண்டே 1990க்குப் பேசுங்கள், அம்புலன்ஸ் வரும். மஞ்சளை அப்பிவிட்டு வீட்டிலே கிடக்காதீர்கள். ஏற்பு ஊசியும் விசர்நோய் ஊசியும் வேண்டுமா என்று டாக்டர்தான் சொல்லவேண்டும்.

இனி வேலியைப் பார்ப்போம். பன்றி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் மூக்கை விட்டுக் கிளப்புவதுதான் அதிகம். அதனால் தகரத்தை ஒரு அடி மண்ணுக்குள் இறக்குங்கள். சுற்றியுள்ள மானாப்புல்லை வெட்டுங்கள். மிச்சச் சோற்றை லயத்துக்குப் பின்னால் கொட்டினால் நாமே விருந்துக்கு அழைத்த மாதிரி. ஒரு வீட்டுக்காரர் மட்டும் அடைத்தால் பக்கத்துத் துண்டுக்குள் போகும், லயமே சேர்ந்து அடைக்கவேண்டும். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது யார் யார் வீட்டில் பழைய தகரம் கிடக்கிறது என்று கேட்டு வாருங்கள், அங்கேயே கணக்குப் பார்ப்போம்.