கூந்தலைக் காக்கும் குளிர்

மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ள வந்த பெண், "என் கூந்தல் உதிர்ந்துவிடுமா?" என்று மருத்துவரைக் கேட்கிறாள். உடன் வந்தவர்களோ, "உயிர் பிழைத்தால் போதாதா? முடி மறுபடி வளராதா?" என்று அவளை அடக்குகிறார்கள். முடி பெரும்பாலும் மறுபடி வளர்வது உண்மையே. ஆயினும் அக்கேள்வியை வெறும் அலங்கார ஆசை என்று தள்ளுவதற்கு நான் உடன்படேன். மற்ற நோயாளி தம் நோயை யாரிடம் சொல்வது, யாரிடம் மறைப்பது என்று தாமே தீர்மானித்துக்கொள்ளலாம். கூந்தல் இழந்த பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை. அவள் வாய் திறவாமலே தெரு முழுவதும் அறிந்துகொள்கிறது. இதற்கு அஞ்சிச் சிகிச்சையையே மறுப்பாரும் உளர்.

நேயர்களே, முடி ஏன் உதிர்கிறது? புற்றுநோய் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்து பெருகுபவை. கீமோதெரபி மருந்துகளுள் பல, அவ்வாறு பெருகும் உயிரணுக்களையே தாக்குகின்றன. நம் தலையிலோ ஏறத்தாழ 1,00,000 முடிகள் உள்ளன. அவற்றுள் பத்தில் ஒன்பது எந்நேரமும் வளர்ந்துகொண்டிருப்பவை. அவற்றின் வேரிலும் உயிரணுக்கள் விரைந்து பெருகுகின்றன. பகை எது, உறவு எது என்று மருந்து அறியுமா? இரண்டையும் அடிக்கிறது.

தலைத்தோலைக் குளிர்வித்தால் அங்குள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கும்; மருந்து வேருக்குக் குறைவாகவே போய்ச் சேரும். சேர்ந்த மருந்தும், குளிரில் மந்தமாகிவிட்ட உயிரணுவுக்கு அத்துணைக் கேடு செய்யாது.

1970களிலேயே பனிக்கட்டித் தொப்பிகளை அணிவித்துப் பார்த்தார்கள். பனி உருகும், குளிர் ஒரே சீராக நில்லாது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரில் பாக்ஸ்மன் என்பவரின் மனைவி அத்தகைய தொப்பி அணிந்தும் கூந்தலை இழந்தார். பாக்ஸ்மன் குடும்பத்தாரின் தொழில், பியரைக் குளிர்விக்கும் கருவிகள் செய்வது. மதுவுக்குப் பரிந்து நான் ஒரு சொல்லும் சொன்னவனல்லன். ஆனால் அந்தத் தொழிலறிவு இங்கே நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது. குளிர்ந்த திரவம் தொப்பிக்குள் இடைவிடாது ஓடும் கருவியை அவர் அமைத்தார். 1997இல் அவ்வூர் மருத்துவமனையில் அது வேலை செய்யத் தொடங்கியது.

தலைத்தோலில் புற்றணுக்கள் ஒளிந்திருந்தால், குளிர் அவற்றையும் மருந்திலிருந்து காத்துவிடாதா? நியாயமான ஐயந்தான். பின்வந்த ஆய்வுகளில், தொப்பி அணிந்த மார்பகப் புற்றுநோயாளரிடையே அத்தகைய தீங்கு மிக அரிதாகவே காணப்பட்டது. அமெரிக்க அரசு 2015இல் ஸ்வீடன் நாட்டுக் கருவி ஒன்றுக்கும், 2017இல் ஹடர்ஸ்ஃபீல்டு கருவிக்கும் அனுமதி அளித்தது. 2017இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நான்கு தவணை மருந்துக்குப் பின், தொப்பி அணிந்த 95 பேருள் 48 பேருக்குப் பாதிக்கு மேற்பட்ட முடி நிலைத்தது. அணியாத 47 பேருள் ஒருவருக்கும் நிலைக்கவில்லை.

அப்படியானால் ஏறக்குறைய மற்றொரு பாதிப் பேருக்குப் பலன் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். டாக்சேன் வகை மருந்துகளுக்கு நல்ல பலன் தெரிகிறது; ஆந்த்ராசைக்ளின் வகைக்குக் குறைவு. இரத்தப் புற்றுநோயாளருக்கு இம்முறை ஆகாது. மருந்து ஏற்றுவதற்கு அரைமணி முன்பே தொப்பியை அணிந்து, ஏற்றி முடிந்த பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் குளிரைப் பொறுத்திருக்க வேண்டும். தலைவலி வரலாம். பொறுக்கமாட்டாமல் நடுவில் கழற்றிவிடும் பெண்ணை யாரும் குறை சொல்லலாகாது.

முதல் தவணையிலேயே தொடங்காவிட்டால் பயன் குறையும். ஆதலால் மருத்துவமனையில் இக்கருவி உண்டா, செலவு என்ன, தமக்கு ஏற்கும் மருந்துக்கு இது பொருந்துமா என்பவற்றை முதல் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். நோயாளி கேட்கக் கூசினால், உடன் போகிறவர் கேட்கட்டும்.